பாலக்கோட்டுக் குளத்துக்கு ஆப்ப சோடா வேண்டாம்

காவேரிப்பட்டணம்

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதற்கு, பாலக்கோட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளமே கட்டிக் கொடுத்திருக்கிறான் உன் மகன். கொடுத்துவைத்தவள்டி நீ. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமரத்தில் பூ நன்றாகத்தான் பிடித்தது, காய் நிற்கவில்லை. பெங்களூரா ரக மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் சொல்லும் விலை பறிகூலிக்கே சரியாய்ப் போகும். அந்தப் புலம்பலை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

குளம் நிரப்பினபோது கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பிறகு கலங்கி, டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுந்து, இப்போது பச்சை தட்டிவிட்டது என்கிறாய். குளோரின் கொட்டக் கொட்டப் பாசி போகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கடைக்காரர் கொடுத்த பட்டியலையும் பார்த்தேன்: ஆப்ப சோடா ஒரு மூட்டை, வாஷிங் சோடா ஒரு மூட்டை. இரண்டும் தண்ணீரில் காரத்தைக் கூட்டுகிறவை. மழைத்தண்ணீரோ மென்தண்ணீரோ நிரப்புகிற ஊருக்கு அது சரியான பட்டியல். நம்ம பக்கத்துப் போர் தண்ணீருக்கு அப்படியே தலைகீழ். கூட்டுவதற்கு இங்கே ஒன்றுமில்லை, குறைக்கத்தான் நிறைய இருக்கிறது.

கல்லூரி லேபில் மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் ரோஸாக மாறும்வரை பியூரெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றோமே, தண்ணீர் எவ்வளவு ஆசிட்டை விழுங்கும் என்று காட்டுகிற அதே காரத்தன்மைதான் விஷயம். குளத்தில் அது 80 முதல் 120 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு, இருந்தால் போதும். எங்கள் போர் தண்ணீரில் 380. அத்தனையும் பைகார்பனேட். அது இருக்கிறவரை பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, நீ எவ்வளவு இறக்கினாலும் திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். மூடி திறந்த கோலி சோடா மாதிரி கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஎச் மேலே போகும். உன் மகன் ஆசையாக வைத்திருக்கும் சிங்கமுகத் தண்ணீர்த்தாரை அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்.

பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்க வேண்டும். கண்ணீரின் பிஎச்சே 7.4 பக்கம்தான், அதனால் அந்த இடத்தில் கண்ணும் எரியாது. அதைவிட முக்கியம் குளோரின். தண்ணீரில் விழுந்ததும் அது இரண்டு உருவம் எடுக்கும். கிருமியையும் பாசியையும் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஒன்று, மந்தமான ஹைப்போகுளோரைட் இன்னொன்று. பிஎச் 7.5-ல் இரண்டும் சரிபாதி. 8-ல் வேலை செய்வது கால்வாசி, 8.5-ல் பத்தில் ஒரு பங்கு. உன் குளம் எட்டரையில் நின்றால், கொட்டுகிற குளோரினில் பெரும்பகுதி சும்மா மிதக்கிறது. பாசி ஏன் போகும்?

ஆகவே முதலில் ஆசிட். உன் குளம் 8 மீட்டருக்கு 4, சராசரி ஆழம் ஒன்றேகால் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் 40,000 லிட்டர். அதில் காரத்தன்மையை 10 பிபிஎம் இறக்க 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 800 மில்லி வேண்டும். உன் போரிலும் எங்களுடையது போல 380 இருந்தால், நூறுக்குக் கொண்டுவர 22 லிட்டருக்கு மேல் பிடிக்கும். பதறாதே, ஒரே நாளில் ஊற்றச் சொல்லவில்லை. பிஎச் 7.2-க்கு இறங்கும் அளவு மட்டும், பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில் சுற்றிவர ஊற்று. அப்புறம் சிங்கத்தைத் திறந்துவிடு. வாயு வெளியேறி பிஎச் ஏறும், ஆனால் குறைந்த காரத்தன்மை குறைந்தபடியே இருக்கும். மறுபடி ஆசிட், மறுபடி சிங்கம். நூறு பக்கம் வந்ததும் சிங்கத்தின் வாயை மூடிவிடு, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கலாம்.

ஆசிட்டை வாளித் தண்ணீரில்தான் விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீர் விடக்கூடாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குச் சொல். அவனுக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடு. ஆசிட் ஊற்றின வாளியில் குளோரின் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் போட்டால் தீப்பிடிக்கும். இரண்டையும் தனித்தனி அலமாரியில் வை.

பிஎச் இறங்கின பிறகு, சூரியன் சாய்ந்ததும் குளோரின் போடு. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் நம்ம ஊர் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஃபில்டரை ஓட்டி, காலையில் தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவி பேக்வாஷ் செய்யட்டும். பச்சை போய்த் தண்ணீர் பால் நிறமாக வெளுத்தால் பாசி செத்துவிட்டது, மிச்சம் ஃபில்டர் வேலை. அதன்பின் குளோரின் 2, 3 பிபிஎம்மில் நின்றால் போதும்.

எந்தக் குளோரின் என்று கேட்டிருக்கிறாய். பிளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கும். டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுந்த வீட்டுக்கு அது எதற்கு? மாத்திரை வசதி, ஆனால் 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் கூடவே வரும். அதுதான் ஸ்டெபிலைசர். 30 முதல் 50 வரை நல்லது. அதற்கு மேல் ஏறினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும், ஆவியாகியும் போகாது, தண்ணீரை இறைத்துத்தான் குறைக்க வேண்டும். நான் செய்வது: முப்பது வரும்வரை மாத்திரை, பிறகு கேனில் வரும் திரவக் குளோரின். அதை நிழலில் வை, வெயில் பட்டால் வீரியம் போய்விடும்.

சோதிக்கும்போது மேல்தண்ணீரை மொள்ளாதே. முழங்கை ஆழத்தில் சோதனைக் குழாயைக் கவிழ்த்துக் கொண்டுபோய் நிமிர்த்து. பிஎச் காட்டும் மருந்தான ஃபீனால் ரெட் விட்டால் மஞ்சள் என்றால் பிஎச் குறைவு, இளஞ்சிவப்பு சரி, அடர்ந்த ரோஸ் என்றால் ஏறியிருக்கிறது. பாசிக்காகக் குளோரின் தூக்கிப் போட்ட மறுநாள் ஊதா காட்டும், அதை நம்பி ஆசிட் ஊற்றிவிடாதே. குளோரின் அதிகமானால் அந்த மருந்தே நிறம் திரியும்.

குளோரின் வாடை மூக்கில் ஏறினால் குளோரின் கூடிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து குளோரமின் ஆனதுதான் அந்த வாடை. நம்ம உறவுக்காரர்கள் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வந்து நேரே குதிப்பார்கள், அதற்கும் குளோரின் செலவு. எங்கள் பெண் எங்கள் குளத்துக்குப் பக்கத்திலேயே ஷவர் வைத்து, தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்த பிறகுதான் இறங்கவிடுகிறாள். சம்பந்தி வீட்டாருக்குக் கொஞ்சம் முகம் சுளிப்புதான். இருக்கட்டும்.

கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே உன் குளத்தில் 160 லிட்டர் போய்விடும். போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தங்கிவிடும். போர் தண்ணீரால் ஈடுகட்ட ஈடுகட்டக் கால்சியம் ஏறும், அது 400 பிபிஎம்மைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அதற்கு மொட்டைமாடி மழைநீரைக் குழாய் வைத்துத் தொட்டிக்கும் குளத்துக்கும் திருப்பிவிடுவதுதான் மலிவான வழி. மழைத்தண்ணீரில் காரமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயிலிருந்து நிரப்பிவிடலாமா என்று உன் மகன் கேட்டானாமே. வேண்டாம் என்று சொல். நம்மோடு படித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பல் காவியேறிப் போயிருந்தது. நிலத்தடித் தண்ணீரில் இருந்த அந்த ஃப்ளோரைடுக்காகத்தானே 2013-ல் அந்தத் திட்டமே வந்தது. அது குடிக்கிற தண்ணீர். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தாலும் குளிக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை, பேரப்பிள்ளைகள் விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் லேப் தர்மபுரியிலேயே இருக்கிறது. போர் தண்ணீரைக் கொடுத்து பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை, இரும்பு நான்கும் பார்க்கச் சொல். இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் தண்ணீர் பழுப்பாகும், அதற்கு வேறு வைத்தியம். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஆசிட் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அந்த இரண்டு மூட்டைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டாயா என்று உடனே சொல்.

உன்,
காவேரிப்பட்டணத்துக்காரி