உள்ள என்ன பஞ்சுன்னு எழுதி ஒட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பேத்திக்கு எங்கம்மாவோட பழைய நூல் புடவைய வச்சு ரஜாய் (உள்ள பஞ்சு வச்ச போர்வை) தைக்கலாம்னு கடையில பஞ்சு கேட்டேன், இலவம்பஞ்சுன்னு கொடுத்தாங்க, வீட்டுக்கு வந்து ஒரு துளி கொளுத்திப் பாத்தா உருகி கறுப்பா மணியா கட்டிக்குது, அது பாலியஸ்டர். பருத்தியோ இலவமோன்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாத்தான் உதிரும். தேனி மாவட்டம் போடி பக்கத்து இலவம்பஞ்சு தலகாணிக்கு அருமை, ஆனா இழை வழுக்கும், துவைச்சா மூலைக்கு ஒதுங்கிரும், அதனால ரஜாய்க்கு பருத்திதான் சரி, அதுக்கும் நாலு விரக்கடைக்கு ஒரு தையல் ஓட்டணும். நம்ம ஊரு வேர்வைக்கு பாலியஸ்டர் ஒத்தே வராது. பாக்கெட்டுல என்ன பஞ்சுன்னு எழுதாம விக்கக் கூடாது, தயவுசெஞ்சு இதப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை