கூயோங் கிராசிங்கும் நம் 1500 வோல்ட்டும்

மெல்போர்ன்

அன்புள்ள சிவலிங்கத்துக்கு,

நலம். உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களும், சென்னைக்கு மறுபடியும் டிராம் வர வேண்டும் என்று நீ எழுதியது உட்பட, கிடைத்தன. பதில் எழுதாததற்குப் பேரனைக் காரணம் காட்டலாம். நீ நம்பமாட்டாய் என்பதால் காட்டவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காமாட்சியின் முழங்கால் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லிப் பயனில்லாத ஒன்றை இங்கே பார்த்துவிட்டேன். கூயோங் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அதை ஒட்டிய லெவல் கிராசிங்கில் மின்சார ரயிலின் பாதையை 16-ஆம் எண் டிராமின் பாதை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் ஓடுவது 1600 மில்லிமீட்டர் பிராட் கேஜில், டிராம் ஓடுவது 1435-இல். அந்தக் குறுக்குத் தண்டவாளம் வாங்கும் அடியை நினைத்து, தண்டவாளக்காரனான நீ கவலைப்படு. மின்கம்பிக்காரனான நான் அண்ணாந்து கம்பியைப் பார்த்தேன். ரயிலுக்கு 1500 வோல்ட் டி.சி. (நேர்மின்னோட்டம்), டிராமுக்கு 600 வோல்ட் டி.சி. இரண்டும் ஒரே இடத்தைக் கடக்க வேண்டும். என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? குறுக்கே வரும் அந்தச் சதுரத்தை மட்டும் நான்கு பக்கமும் இன்சுலேட்டர் போட்டுத் தனித் துண்டாகப் பிரித்துவிட்டு, ரயில் வரும்போது 1500-ஐயும், டிராமுக்கு வழி விடும்போது 600-ஐயும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய நம் மின்சார ரயிலுக்கும் இதே 1500 வோல்ட்தான் என்று, 'அரை இஞ்ச்' என்று நாம் பட்டப்பெயர் வைத்த நம் பழைய மேஸ்திரி ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நாம் ரயில்வே வேலைக்குச் சேர்ந்தபோது அது போய் 25,000 வோல்ட் ஏ.சி. (மாறுமின்னோட்டம்) வந்துவிட்டது. மேஸ்திரியின் காலத்து மின்சாரம் என் தலைக்கு மேலே உயிரோடு ஓடுவதைப் பார்த்து, கேட் திறந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தகைய கிராசிங்குகள் நான்கு இருந்தனவாம். இரண்டில் ரயில் பாதையின் மட்டத்தை மாற்றி டிராமிலிருந்து பிரித்துவிட்டார்கள். கூயோங்கும் ரிவர்ஸ்டேலும்தான் மிச்சம்.

உனக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். மகள் வீட்டுச் சாலையில் டிராம் தண்டவாளத்தை மாற்றினார்கள். இரவும் பகலும் வேலை நடந்தது. டிராமுக்குப் பதில் பஸ் ஓடியது. கான்கிரீட்டை ரம்பத்தால் அறுத்து, தோண்டி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்குப் பள்ளம் வைத்த புதுத் தண்டவாளத்தை இறக்கி, உருகிய இரும்பை ஊற்றி ஒட்டும் தெர்மிட் வெல்டிங் செய்து, தண்டவாளத்தின் தலை மட்டம்வரை மறுபடியும் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். ஜல்லி கிடையாது, அதை இடித்து இறுக்கும் பேக்கிங் கிடையாது. அடுத்த முறை உடைக்கும்வரை யாரும் அதைத் தொட முடியாது. உனக்கு இந்த ஊரில் வேலை கிடைக்காது, சிவலிங்கம்! அது மட்டுமல்ல. நீ பாதி ஆயுளை மீட்டர் கேஜைப் பிராட் கேஜாக அகட்டுவதில் கழித்தாய். இவர்கள் 1987-இல் செயின்ட் கில்டா, போர்ட் மெல்போர்ன் ரயில் பாதைகளை எடுத்து, பிராட் கேஜைக் குறுக்கி, அவற்றின்மேல் டிராமை ஓடவிட்டார்கள்.

இந்தக் கான்கிரீட்டில்தான் ஊரின் கதையே இருக்கிறது. 1949 முதல் 1970 வரை டிராம் வாரியத்தின் தலைவராக இருந்த சர் ராபர்ட் ரிஸ்ஸன் ஒரு பொறியாளர். உலகமெங்கும் டிராமைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் இவர் தண்டவாளத்தைக் கான்கிரீட்டில் புதைத்துக்கொண்டே போனாராம். பிடுங்குவதற்கு ஆகும் செலவைக் கேட்டே அரசியல்வாதிகள் ஓடிவிட வேண்டும் என்பது கணக்கு. நம் சென்னையில் 1895-இல் வந்த டிராம் 1953-இல் நின்றது. சிட்னி 1961-இல் கடைசி டிராமையும் நிறுத்தியது. பிறகு 2019-இலும் 2020-இலும் திறந்த 12 கிலோமீட்டர் பாதைக்குச் சுமார் 300 கோடி டாலர் கொட்டியது. மெல்போர்ன் எதையும் மறுபடி வாங்கவில்லை. ஏறக்குறைய 250 கிலோமீட்டர் இரட்டைப் பாதை, உலகிலேயே பெரியது, அப்படியே கிடக்கிறது.

ஆனால் ரிஸ்ஸன் புதைத்தது கார் ஓடும் சாலையின் நடுவில். முக்கால் பங்குப் பாதையில் டிராமும் காரும் ஒரே தடத்தில் போகின்றன. சராசரி வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். எங்கள் சாலையில் டிராம் நிறுத்தம் என்றால் நடைபாதை ஓரத்தில் ஒரு கம்பமும் பலகையும், அவ்வளவுதான். டிராம் வந்ததும் ஒரு கார் தடத்தைக் கடந்து நடு ரோட்டுக்குப் போய், பழைய வண்டியாக இருந்தால் உயரமான படிகளில் ஏற வேண்டும். கதவு திறந்திருக்கும்போது கார்கள் பின்னால் நிற்க வேண்டும் என்பது சட்டம். போன மாதம் காமாட்சி ஒரு கையில் தடியும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாகக் கடைசிப் படியில் நின்றபோது, ஒரு கார் நிற்காமல் எங்களை உரசிப் போயிற்று. அன்றிலிருந்து அவள் டிராமில் ஏற மறுக்கிறாள். டிராம் நிறுத்தங்கள் எல்லாம் 2022 இறுதிக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக ஆகியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். 2020-இல் இந்த மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் கொடுத்த அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? 2018-19-இல் தாழ்தள டிராம் வந்து, அதன் தளத்துக்குச் சமமான மேடையில் நின்ற சேவை நூற்றுக்குப் பதினைந்து. அதற்குப் பிறகு நீளமான புது வண்டிகள் கூடியிருக்கின்றன. ஆனால் மேடை இல்லாத இடத்தில் தாழ்தள வண்டி வந்து நின்றாலும் காமாட்சிக்கு அது உயரம்தான்.

அதனால்தான், சென்னைக்கு மறுபடியும் டிராம் வர வேண்டும் என்று நீ இரண்டு பக்கம் எழுதியதைப் படித்தபோது உடனே தலையாட்ட முடியவில்லை. வரட்டும், ஆனால் தனித் தடமும் மேடையும் இல்லாமல் வருவதானால் வராமலே இருக்கட்டும். வண்டியை எந்த நாட்டிலிருந்தும் வாங்கிவிடலாம். இரட்டைப் பாதைக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் அகலம் வேண்டும். நிறுத்தம் வரும் இடத்தில் அதற்கும் மேலே வேண்டும். அதை அண்ணா சாலையில் யாரிடமிருந்து எடுப்பாய்? காரிடமிருந்தா, பஸ்ஸிடமிருந்தா, நடக்கிறவனிடமிருந்தா? டேப்பை எடுத்துக்கொண்டு பழைய வழக்கப்படி விடியற்காலையில் போய் அளந்து எழுது. மேஸ்திரியின் மகனையும் கூட்டிக்கொண்டு போ. உன் ஒருவனுடைய அளவை மட்டும் நான் நம்பமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
நடராஜன்