ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த தம்பிக்கு

பெரியம்மா போன அன்று எங்களோடு நின்ற எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. நடந்தது உறையூரில் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுதக் கை வரவில்லை. ஒருவர் செய்த உதவியை மட்டும் விவரமாகவே எழுதுகிறோம். விவரம் தெரியாததால்தான் பல வீடுகளில் கண்தானம் நடக்காமல் போகிறது.

ஃப்ரீசர் பெட்டியை இறக்க வந்த தம்பி, வாசலிலேயே கேட்டது இதுதான்: "அண்ணே, அம்மா கண்ணு குடுக்கணும்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?" பெரியம்மா பலமுறை சொன்னதுதான். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பதில் வந்ததும் அவர் முதலில் செய்தது, தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தியது.

தானத்தில் எடுப்பது கருவிழியை, கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தை. அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இமை கொட்டுகிறவரைதான் அதற்கு ஈரம். இமை பாதி திறந்து கிடந்து, மேலே காற்றும் அடித்தால், மேல்படலம் காய்ந்து மங்கிவிடும். ஏசி ஓடலாம், முகத்தில் நேரே காற்று படாமல் இருந்தால் போதும். அடுத்து இமைகளை மெல்ல மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மேலே வைத்தார். பஞ்சு காயக் காய மாற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பெண்ணிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். உடல் விறைக்கத் தொடங்கச் சில மணி நேரமே ஆகும் என்பதால், வாய்க்கட்டு கட்டும்போதே இமையையும் மூடிவிட வேண்டும். விபூதியும் சந்தனமும் நெற்றியோடு நிற்கட்டும், இமைமேல் வேண்டாம்.

தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து அரை அடி உயர்த்தியதைப் பார்த்து, "எதுக்கு இப்ப தலையணை" என்று ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டார். தலை தாழ்ந்திருந்தால் ரத்தம் முகத்தில் தங்கும். கண்ணைச் சுற்றி வீங்கும், எடுத்த பிறகு கசியும். இதை அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்ன விதம் சித்தப்பாவையே அடக்கிவிட்டது.

அப்புறம்தான் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு உயிர் பிரிந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, நாம் போன் செய்த நேரத்திலிருந்து அல்ல. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து முகம் பார்க்கட்டும் என்று காத்திருக்கும் வீடுகளில் கண் வீணாவது இதனால்தான். பெட்டிக்குள் வைத்தாலும் எடுக்கலாம், குளிர் கருவிழிக்கு நல்லதே. ஆனால் மறுபடி வெளியே தூக்கிக் கிடத்த வேண்டியிருக்கும். அதனால் காலிப் பெட்டியை ஓட விட்டுக் குளிரேற்றி வைத்தார்.

கண் வங்கியிலிருந்து ஆள் வருவதற்குள் எடுத்து வைக்கச் சொன்னவை: இறப்புக்குக் காரணம் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட சான்று (வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ), ஆதார், பழைய மருத்துவக் கோப்பு, கையெழுத்துப் போட நெருங்கிய உறவு ஒருவர், சாட்சிக்கு இரண்டு பேர். பெரியம்மா உறுதிமொழி அட்டை எதுவும் போட்டு வைக்கவில்லை. அது தேவையும் இல்லை, குடும்பத்தார் சம்மதம் போதும்.

வேலை முடிய 20 நிமிடம்தான். கருவிழியையும் அதைச் சுற்றி வெள்ளைவிழியில் ஒரு சிறு விளிம்பையும் எடுத்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடினார்கள். பிறகு வந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் பரிசோதனைக்காகக் கொஞ்சம் ரத்தமும் எடுத்தார்கள். பெரியம்மாவுக்கு சுகர், பிபி, கண்புரை ஆபரேஷன் எல்லாம் உண்டு, எதுவும் தடையில்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று போன்றவை இருந்தால்தான் எடுக்க மாட்டார்கள். கருவிழியின் உள்பக்க செல்களை எண்ணிப் பார்த்த பிறகே பொருத்துவதா என்று முடிவு செய்வார்கள். செல் குறைவாக இருந்தால் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் போகும். யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதுவும் சரிதான்.

பெட்டிக்குக் கேட்ட வாடகையை முழுதாக வாங்கிக்கொண்டுதான் தம்பி போனார். பிழைப்பு அது. பெட்டியோடு வந்த அந்தக் கேள்விக்குத்தான் எங்களால் விலை போட முடியவில்லை.

ராத்திரி என்றும் பாராமல் வந்து சான்று எழுதிக் கொடுத்த டாக்டர், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, பந்தல்காரர், பறை அடித்தவர்கள், 21 நாளைக்குள் இறப்பைப் பதிய வேண்டும் என்று அலுவலகத்துக்கு இழுத்துப் போன ஆட்டோக்கார அண்ணன், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி நாங்கள் போகிற எந்தத் துக்க வீட்டிலும், மாலையைப் போடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும், திட்டும் விழலாம். காரியப் பத்திரிகையின் பின்பக்கம் 104, ஃபேன், பஞ்சு, தலையணை, 6 மணி நேரம் என்று ஐந்து வரி போட்டிருக்கிறோம். அதற்குத் தனியாகக் காசு வாங்காத அச்சகக்காரருக்கும் நன்றி.