சைரனை நிறுத்திவிட்டு நடந்து வந்தவர்களுக்கு நன்றி

மீட்புக் குழுவினருக்கும் அன்று கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

சேற்றில் புதைந்து, நீங்கள் மீட்டுத் தந்த எங்கள் பசு எழுந்து நின்றுவிட்டாள். தீவனமும் எடுக்கிறாள். நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சேற்றின் ஓரத்தில் நின்று சைரன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தொலைவில் கேட்டது, நெருங்கியது, சட்டென்று நின்றுபோனது. வண்டி வழிமாறிவிட்டது என்று பதறினேன். சற்று நேரத்தில் சுழல்விளக்கும் இல்லாமல், ஓட்டமும் கூச்சலும் இல்லாமல், தணிந்த குரலில் பேசியபடி நீங்கள் நடந்து வந்தீர்கள். "ஏற்கெனவே மிரண்டு போயிருக்கிறது அம்மா. இன்னும் மிரண்டால் திமிறும், திமிறினால் இன்னும் புதையும். அதனால்தான் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம்" என்றார் குழுத் தலைவர்.

மனிதர் காதுக்கு எட்டாத கூரிய ஒலியும் மாட்டுக்குக் கேட்கும். மாடு வளர்க்கும் எனக்கே அந்த நேரத்தில் அது நினைவில்லை, நீங்கள் நினைத்தீர்கள். அவ்வளவு அவசரத்திலும் ஒரு வாயில்லா ஜீவனின் காதுக்காக ஒரு பொத்தானை அணைத்தீர்களே, அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. பயிற்சியில் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே, வண்டியை எங்கே நிறுத்துவது, விலங்கை எந்தப் பக்கமாக நெருங்குவது என்பதைத்தான் கற்றோம் என்று ஓர் இளம் வீரர் பிறகு சொன்னார். அந்தப் பாடத்தை வகுத்தவர் யாரோ, அவருக்கும் என் வணக்கம்.

கழுத்தில் கட்டு, காலில் கட்டு, வாலைப் பிடி என்று அன்று ஆளுக்கொரு குரல். எல்லாம் அன்பினால் எழுந்தவைதான். ஆனால் அப்படி இழுத்திருந்தால் அவளுக்கு மூச்சு அடைத்திருக்கும், மூட்டு விலகியிருக்கும். தலைவர் எதையும் தொடாமல் தள்ளி நின்று முழு இடத்தையும் கவனித்தார். கட்டளை அவர் ஒருவரிடமிருந்தே வந்தது. கால்கள் வீசும் பக்கம் ஒருவரையும் அவர் விடவில்லை. அரை டன் உடம்பின் ஓர் உதை மனித உயிரைப் பறித்துவிடும். என் பசுவுக்காக யாரும் அடிபட்டிருந்தால் அந்தப் பாரத்தை நான் எப்படிச் சுமந்திருப்பேன்?

மயக்க மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கால்நடை மருத்துவருக்கும், குழாயால் கால்களின் ஓரம் நீர் பாய்ச்சிச் சேற்றின் பிடியைத் தளர்த்தியவர்களுக்கும், மார்பைச் சுற்றி அகலப் பட்டையைக் கோத்தவர்களுக்கும், பலகையும் வைக்கோலும் சுமந்து வந்த அண்டை வீட்டாருக்கும், கூட்டத்தை ஒதுக்கியவர்களுக்கும், வயிறு உப்பாமல் இருக்க இரவெல்லாம் அவளை நிமிர்த்திப் படுக்கவைத்து, பக்கம் மாற்றிவிட்டவர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தீயை அணைக்கத் தெரிந்தவர்களுக்கு மாட்டையும் மீட்கத் தெரியும் என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மாட்டை மீட்பது தனிக் கல்வி. எல்லா மீட்பு நிலையங்களிலும் அது இருக்கவேண்டும். கிடைக்கும் இடத்திலெல்லாம் இதைக் கேட்கப்போகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களை எங்கள் தொழுவத்துக்கு அழைத்து வாருங்கள். பயிற்சிக்கு வைத்திருக்கும் எடை கூட்டிய பொம்மையோடு நின்றுவிடாமல், உயிருள்ள மாட்டின் அருகே போகவும், அதன் காதும் வாலும் காட்டும் குறிப்பை அறியவும் எங்கள் சாதுவான மாடுகளிடம் பழகட்டும். தேதியைச் சொல்லுங்கள், மாடுகளோடு நானும் நிற்கிறேன்.