பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும் கதிரியக்கப் பொருள்கள்: செபராங் பிறை வியாபாரிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பழைய இரும்பு வியாபாரிகள்,
பிறை, ஜூரு, சிம்பாங் அம்பாட் வட்டாரம்,
பினாங்கு.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
அணுசக்தித் துறை,
அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு.

பொருள்: மூடப்படும் தொழிற்சாலைகளிலுள்ள கதிரியக்கப் பொருள்களை அதிகாரிகள் நேரில் சோதித்து அகற்றக் கோரியும், அவற்றைக் கண்டு தகவல் கொடுக்கும் கடைக்காரர்களுக்குப் பாதுகாப்புக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசாங்கத்துக்கு மனு என்றால் மலாயில் எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். மலாய்ப் பிரதியை இதோடு இணைத்திருக்கிறோம். தமிழில் எழுதியது எங்களுக்காக. கையெழுத்துப் போடுகிறவர்கள் என்ன கேட்கிறோம் என்பதைத் தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று நினைத்தோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, இதை எழுதும் என் கடைக்கு ஒரு லாரி சரக்கு வந்தது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களை ஒருவர் மொத்தமாக ஏலம் எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் பிரித்து வாங்கி, அவர் கைமாற்றிவிட்டது. குழாய், வால்வு, மோட்டார், வெட்டிய தொட்டித் தகடு. அதற்கு நடுவே பெரிய மைலோ டின் அளவில் ஓர் உருளை. தூக்கப் போன பையன் ஒற்றைக் கையால் பார்த்தான், இரண்டு கையால் பார்த்தான், அப்புறம் துணைக்கு ஆளைக் கூப்பிட்டான். தராசில் 32 கிலோ. அந்த அளவில் முழு இரும்புக் கட்டியே இருந்தாலும் அத்தனை எடை வராது. அப்படியென்றால் உள்ளே ஈயம். எங்கள் தொழிலில் அது நல்ல சேதி, ஏனென்றால் ஈயத்தின் விலை இரும்பைவிடப் பல மடங்கு.

பையன் கேஸ் கட்டரை எடுக்கப் போய்விட்டான். மேலே அடித்திருந்த சாம்பல் பெயிண்ட் ஓரிடத்தில் உரிந்து அடியில் மஞ்சள் தெரிந்ததால், என்னவென்று பார்க்கத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். மஞ்சளில் மூன்று கறுப்பு இதழ்கள். "ஃபேன் கம்பெனி முத்திரை, முதலாளி" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல முடியாது, பார்த்தால் ஃபேன் மாதிரிதான் இருக்கிறது. நான் அதை மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக் கதவில் பார்த்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு முதுகுவலி வந்து எக்ஸ்ரே எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அதை வெட்டியிருப்போம்.

உருளையைச் சுற்றித் தள்ளிச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடை நாய் மட்டும் போய் நிழலில் படுத்தது, விரட்டினாலும் திரும்ப வந்தது. நான் தொலைபேசியோடு உட்கார்ந்தேன். ஓர் அலுவலகத்தில் வேறொரு எண் கொடுத்தார்கள், அங்கே இன்னொரு எண். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "இதை வைத்திருக்க உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" பக்கத்தில் இருந்த என் மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: "பேசாமல் ராத்திரி லாரியில் ஏற்றி எங்கேயாவது இறக்கிவிடுங்கள் மச்சான்."

ஐயா, நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்த யோசனை கொஞ்ச நேரம் எங்கள் கடையில் நின்றது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இந்த மனுவே அதனால்தான்.

மூன்றாம் நாள் கருவியோடு அதிகாரிகள் வந்தார்கள். பொறுமையாக அளந்தார்கள், எங்களுக்கும் விளக்கினார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். தொட்டியில் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவியாம். தொட்டிக்கு ஒரு பக்கம் கதிரை விடும் மூலம், எதிர்ப் பக்கம் அதைப் பிடிக்கும் கருவி. மூலம் என்பது விரல் நுனியளவு எஃகுக் குப்பிதான், மீதி எடை முழுவதும் அதைச் சுற்றியுள்ள ஈயக் கவசம். கவசத்தில் கதிர் வெளியே வரும் கதவு பூட்டியே இருந்தது, கவசம் உடையவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி எடுத்துச் சென்றார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் கேஸ் கட்டர் எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகானில், கார் நிறுத்துமிடத்தில் விட்டுவைத்திருந்த பழைய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் கோபால்ட்-60 தலைப்பகுதி எங்களைப் போன்ற ஒரு கடைக்குப் போனது. அங்கே அதை வெட்டித் திறந்தார்கள். 10 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். இது கதிரியக்கமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் மருத்துவர்கள். அதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. 2010-இல் டெல்லியின் மாயாபுரி இரும்புச் சந்தையிலும் இதே கதை. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட் இருந்தது, அங்கே ஓர் உயிர் போனது. இரண்டு இடத்திலும் அதை வெட்டியவர்கள் தீவிரவாதிகள் இல்லை. எடை பார்த்து விலை போட்டவர்கள்தான்.

அணு என்றதும் எல்லோர் மனத்திலும் உலைதான் வருகிறது. சிலாங்கூரின் பாங்கி நகரில் 1982 முதல் ஓடும் 1 மெகாவாட் ஆய்வு உலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை, அதைப் பற்றி எங்களுக்குக் கவலையும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அது நகரப் போவதுமில்லை. எங்கள் கவலை நகரும் பொருள்களைப் பற்றியது. 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாம் போகும் வழியில், பிக்கப்பில் ஏற்றியிருந்த இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள 23 கிலோ கருவி காணாமல் போனதை நாங்கள் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்படி ஒன்று தொலைந்தால் அது கடைசியில் யார் தராசுக்கு வரும்? இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும், அதனால் அந்தக் கவலைக்கு ஓர் எல்லை உண்டு. சீசியம் பாதியாக 30 ஆண்டு ஆகும். பிறையில் எத்தனை தொழிற்சாலை 30 ஆண்டு தாக்குப்பிடிக்கிறது, ஐயா?

எங்கள் கடைகளுக்குச் சோதனை வருவதே இல்லை என்று சொன்னால் பொய். பழைய பொருள் வியாபாரிகள் சட்டப்படி லைசென்ஸ் கொடுப்பது போலீஸ், அவர்கள் வந்து வாங்கல் புத்தகத்தைப் புரட்டிச் செப்புக் கம்பி, சாக்கடை மூடி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மாநகராட்சி வந்து கொசுவும் தீயணைப்புக் கருவியும் பார்க்கும். சுற்றுச்சூழல் துறை பேட்டரி, கழிவு எண்ணெய் பார்க்கும். கதிர் அளக்கும் கருவியோடு யாரும் வந்ததில்லை, நாங்கள் தகவல் கொடுத்து வந்த அந்த ஒரு நாளைத் தவிர. கருவியோடு அடிக்கடி வாருங்கள் என்று கேட்கவும் இல்லை. பொருள் எங்களிடம் வந்த பிறகு சோதிப்பது தண்ணீர் வடிந்த பின் அணை கட்டுவது மாதிரி. எங்கள் முதல் கோரிக்கை அதற்கு முந்திய இடத்தில் இருக்கிறது.

கதிரியக்க மூலம் வைத்திருக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. தொழிற்சாலை நன்றாக நடக்கும்வரை கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், கணக்கு இருக்கும், உரிமம் புதுப்பிக்கப்படும். சிக்கல் மூடும்போதுதான். சம்பளப் பாக்கி, வங்கிக் கடன், கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கப் பொறுப்பேற்கும் கலைப்பாளர், ஏலம் என்று போகும். கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி அதற்குள் வேறு வேலை தேடிப் போயிருப்பார். தொட்டியில் பொருத்திய உருளையைக் கலைப்பாளருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது சொத்துப் பட்டியல். அதில் அது வால்வோடு வால்வாக இருக்கும். எங்கள் கடைக்கு வந்த உருளையில் யாரோ சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தது வேண்டுமென்றா, தொட்டியோடு சேர்த்து அடித்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே, பதிவேட்டிலுள்ள ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது, கைமாறும்போது, ஏலத்துக்குப் போகும்போது, உங்கள் அதிகாரி ஒருவர் நேரில் போய் மூலங்களைக் கண்ணால் எண்ணிப் பார்த்து, அவை வெளியேறிவிட்டன என்று எழுதிக் கொடுத்த பிறகே இயந்திரங்களைக் கழற்ற அனுமதிக்க வேண்டும். காகிதத்தில் நிரப்பி அனுப்பும் அறிக்கை போதாது. அந்தச் சான்று இல்லாமல் மாநகராட்சி இடிப்பு அனுமதி கொடுக்கக் கூடாது. சான்றின் ஒரு நகல் சரக்கோடு லாரியில் வந்தால் எங்களுக்கும் நிம்மதி. நாங்களே அதைக் கேட்டு வாங்கி வாங்கல் புத்தகத்தில் ஒட்டத் தயார். போலீஸ் புரட்டும்போது அதையும் பார்க்கட்டும்.

அடுத்தது, உருக்காலை வாசல். பெரிய ஆலைகள் சில, வாசலிலேயே கதிர் கண்டுபிடிக்கும் தூண்களை வைத்திருக்கின்றன. லாரி நுழையும்போது மணி அடித்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சீசியம் இரும்பு உருக்கும் உலைக்குள் போனால் ஆவியாகித் தூசியில் போய்ச் சேரும். 2023 மார்ச்சில் தாய்லாந்தின் பிராச்சின்புரியில் மின்நிலையத்திலிருந்து காணாமல் போன சீசியம் உருளைக்கான தேடல், இரும்பு உருக்கும் ஆலையின் தூசியில் சீசியம் கிடைத்ததில் வந்து முடிந்தது. கோபால்ட் தூசிக்குப் போகாது, எஃகோடு கலந்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் தைவானில் அப்படிக் கலந்த கம்பியால் வீடுகள் கட்டிவிட்டு, 1992-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் ஆலைகள் பயப்படுவதில் தப்பில்லை.

ஆனால் திருப்பி அனுப்பிய லாரி எங்கே போகிறது என்று யாராவது யோசித்தார்களா? மணி அடித்த சரக்கு, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில், நெடுஞ்சாலையில் திரும்பி வருகிறது. இரவு கடை வாசலில் நிற்கிறது. சிலர் அதைப் பிரித்து, தூண் இல்லாத சின்ன ஆலைக்கு விற்றுவிடுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. இதை நாங்களே எழுதிக் கொடுப்பதால் சில ஆலைக்காரர்களுக்கு எங்கள் மேல் கோபம் வரலாம். பரவாயில்லை. மணி அடித்த லாரி அங்கேயே தனியாக நிறுத்தப்பட வேண்டும், ஆலை உடனே உங்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், உங்கள் ஆட்கள் பார்க்கும்வரை லாரி நகரக் கூடாது. ஓட்டுநரின் காத்திருப்புக் கூலியை நாங்கள் கொடுக்கிறோம்.

இனி அந்த லைசென்ஸ் கேள்விக்கு வருகிறோம். 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கதிரியக்கப் பொருளை வைத்திருப்பது குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் எடைக்கு வாங்கிய சரக்கில் அது வந்து விழுந்த அந்த நிமிடத்திலேயே நாங்கள் குற்றவாளியாகிவிடுகிறோமா? தகவல் கொடுத்தால் வழக்கு வருமோ, கடையை மூடுவார்களோ, எடுத்துச் செல்லும் செலவை நம் தலையில் கட்டுவார்களோ என்ற பயத்தில்தான் "ராத்திரி லாரி" யோசனை பிறக்கிறது. ஸ்பெயினில் 1998-இல் ஓர் உருக்காலையில் சீசியம் உருகிய பிறகு, அடுத்த ஆண்டே அரசாங்கமும் ஆலைகளும் இரும்பு வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விரும்பிச் சேரும் ஏற்பாடு அது. கண்டுபிடித்தவர் சொல்வார், என்ரேசா என்ற அரசு நிறுவனம் வந்து எடுத்துப் போகும். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். தெரியாமல் வாங்கி, தெரிந்ததும் தகவல் கொடுத்தவர் மேல் நடவடிக்கை இல்லை, செலவும் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். செலவை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் வாங்குங்கள். தெரிந்தே மறைப்பவனை விடச் சொல்லவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒரே ஒரு தொலைபேசி எண், 24 மணி நேரமும் ஆள் எடுக்கும் எண், போலீஸ் கொடுக்கும் லைசென்ஸ் அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு சுவரொட்டி. மலாய், தமிழ், சீனம் மட்டும் போதாது, எங்கள் ஆட்களில் வங்காளியும் நேப்பாளியும் படிப்பவர்கள்தான் அதிகம். மூன்று இதழ் முத்திரையை மட்டும் போட்டால் மறுபடியும் ஃபேன் கம்பெனிதான். அந்த உருளைகளின் படங்களையே போடுங்கள், பெயிண்ட் அடித்தது, துருப்பிடித்தது, பாதி வெட்டியது எல்லாம். 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முத்திரை ஒன்றை வெளியிட்டது. படிப்பறிவு இல்லாதவனும் அதைப் புரிந்துகொள்வான். கதிர் அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றிரண்டை வட்டாரக் காவல் நிலையத்தில் வைத்தால், சந்தேகம் வரும்போது இரவல் வாங்கிப் பார்க்க வசதி. வாங்கச் சொன்னால் பல கடைகள் பணம் போட்டு வாங்கவும் தயார், எந்தக் கருவி, யார் அளவு சரிபார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அணுமின் நிலையம் பற்றி அரசாங்கம் மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை இந்த மனுவில் இழுக்கவில்லை. விரலளவு குப்பி எங்கே இருக்கிறது என்று கணக்குச் சொல்ல முடிந்த பிறகு அதைப் பேசலாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுதான்.

பயிற்சி நடத்த இடம் வேண்டுமென்றால் என் கடையில் நடத்தலாம். தைப்பூசம் தவிர எந்த ஞாயிற்றுக்கிழமையும் சரி, ஐம்பது பேருக்கு நாற்காலியும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பதிலை மலாயில் அனுப்பினால் போதும், தமிழாக்கி எல்லாக் கடையிலும் ஒட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள பழைய இரும்பு வியாபாரிகள்,
செபராங் பிறை, பினாங்கு.

இணைப்பு: மலாய்ப் பிரதி, உருளையின் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.