நேபாளம் போகும் தங்கைக்கு: பேச்சுப் பயிற்சி இருக்கட்டும், முதலில் தாள்

அன்புள்ள தங்கைக்கு,

நேபாளத்தில் ஒரு பாலிகாவில், தேர்தலில் ஜெயித்து வந்த பெண்களுக்குத் துணையாக, ஓராண்டு தன்னார்வலராக இருக்கப் போகிறாய். பாலிகா என்றால் அங்கே உள்ளாட்சி. நகரத்துக்கும் கிராமத்துக்கும் அதே சொல்தான். மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை என்று நீ போட்டு வைத்திருக்கும் பாடத்திட்டத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. அந்தப் பெண்களுக்குப் பேச வராமல் இல்லை. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்த பட்ஜெட் தாள் கூட்டத்துக்கு முந்தின ராத்திரிவரை அவர்கள் கைக்கு வருவதில்லை. அது பத்து நாள் முன்னால் வந்து சேர்ந்தாலே உன் வேலையில் பாதி முடிந்தது.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. நாட்டில் 753 உள்ளாட்சிகள். ஒவ்வொரு வார்டிலும் ஐந்து பேர். அதில் இருவர் பெண்கள், அந்த இருவரில் ஒருவர் தலித் பெண். ஒரு கட்சி தலைவர், துணைத்தலைவர் இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருந்தாக வேண்டும். 2017 தேர்தலில் ஜெயித்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய 41 சதவீதம். ஆனால் தலைவர் நாற்காலி கிடைத்தது 18 பேருக்குத்தான். கட்சிகள் பெண்களைத் துணைப் பதவிக்கே நிறுத்தின. 2022-ல் கூட்டணி வைத்து ஆளுக்கு ஒரு பதவியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பதவிக்கு மட்டும் நின்றால் அந்த விதி கட்டாது என்பதால், பெண் துணைத்தலைவர்கள் எண்ணிக்கை குறைந்தது. இத்தனைக்கும் 2016-ல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவர், சபாநாயகர், தலைமை நீதிபதி மூவருமே பெண்கள்!

ஆகவே நீ பெரும்பாலும் ஓர் உபமேயரோடுதான், அதாவது துணைத்தலைவரோடுதான், வேலை செய்வாய். அவர் ஒப்புக்குத் துணை இல்லை. வரவு செலவுத் திட்டக் குழு, கண்காணிப்புக் குழு, ஊர்த் தகராறுகளைக் கேட்கும் நியாயக் குழு மூன்றுக்கும் சட்டப்படி அவரே தலைமை.

முதலில் நாள்காட்டி. அவர்களுடையதும் சூரிய மாதம்தான், நம்முடையதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பெயரில்தான் வம்பு. அவர்கள் வைசாக் என்பது நம் சித்திரை. ஜேட் நம் வைகாசி. அசார் நம் ஆனி. ‘வைசாக் கூட்டம்’ என்றதும் வைகாசி என்று குறித்துக்கொண்டால் ஒரு மாதம் போச்சு. உள்ளாட்சி பட்ஜெட்டை அசார் 10-க்குள், அதாவது ஜூன் 24 வாக்கில், பாலிகா சபையில் வைக்க வேண்டும். நிதியாண்டு ஜூலை நடுவில் பிறக்கிறது. அசார்தான் அங்கே நாற்று நடவு மாதமும். பெண்கள் சேற்றில் நிற்கும் நேரத்தில் பட்ஜெட் கூட்டம். அதனால் தெருக்கூட்டங்களை (டோல் கூட்டம் என்பார்கள்; பட்ஜெட்டில் என்ன வேண்டும் என்று தெருக்காரர்கள் சொல்லும் இடம்) சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிடப் பார். நேரத்தை அலுவலகம் குறிக்கக் கூடாது. மாட்டுக்குப் புல் அறுத்து வந்த பிறகு எப்போது கை ஒழியும் என்று அந்தத் தெருப் பெண்களிடமே கேள். இந்தச் சுழற்சி முழுதும் கண்ணில் பட வேண்டுமானால் தையிலாவது போய்ச் சேர். புரட்டாசி, ஐப்பசியில் போனால் தசைன், திகார் பண்டிகை விடுமுறையில் பூட்டைத்தான் பார்ப்பாய்.

அடுத்தது பணம். மேலிருந்து வரும் மானியம் நான்கு வகை. நிபந்தனை மானியத்தைச் சொன்ன வேலைக்குத்தான் செலவழிக்கலாம். அதில் யாரும் கை வைக்க முடியாது. சமன்படுத்தும் மானியமும் பாலிகாவின் சொந்த வருவாயும் சபை முடிவுக்கு உட்பட்ட பணம். மொத்தத் தொகையை நீட்டி ‘இதில் பெண்களுக்கு எவ்வளவு?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தால், அதிகாரி ‘அது நிபந்தனைப் பணம், மேடம்’ என்று ஒரே வரியில் வாயடைத்துவிடுவார். இரண்டையும் தனியாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு. கூடவே மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று: தெரு கேட்டது, வார்டு வரிசைப்படுத்தியது, பட்ஜெட் புத்தகத்தில் வந்தது. மூன்றாம் கட்டத்தில் காணாமல் போன குடிநீர்க் குழாயும், யாரும் கேட்காமல் முளைத்த சாலையும் தாமே பேசும். பழைய பட்ஜெட் கோப்புகள் பல பிரீதி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்தாக வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடு. தேவநாகரி எண்களை இப்போதே படித்துக்கொள். நம் நூறு ரூபாய் அவர்களுக்கு 160. லட்சம், கோடி இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தீர்மானப் புத்தகத்தில் ஒரு கண் வை. வந்தவர்கள் பெயர் எழுதி முதலில் கையெழுத்து போடுவார்கள், தீர்மானம் அதற்குக் கீழே பிறகு ஏறும். அந்த ‘பிறகு’ மறுநாளாகிவிட்டால், தான் கேட்டேயிராத முடிவுக்கும் அந்த அம்மாவின் கையெழுத்து சாட்சியாகிவிடும். எழுதியதை வாசித்துக் காட்டாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள் என்று உபமேயர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினால் போதும். அதை நீ எழுந்து சொல்லாதே. கூட்டத்தில் உனக்குப் பின்வரிசை நாற்காலிகூட அதிகம்.

நேபாளியில் நம் நீ, நீங்கள் போலவே தங், திமி, தபாயீ என்று கீழிருந்து மேலாகப் படிகள் உண்டு. மேயரைத் தபாயீ என்றவர் தலித் வார்டு உறுப்பினரிடம் திரும்பும்போது திமிக்கு இறங்குவதை உன் காது உடனே பிடிக்கும். நீ எல்லோரையும் தபாயீ என்றே கூப்பிடு. தெற்கே தராய் சமவெளியில் பல பெண்களுக்கு மைதிலியோ போஜ்புரியோதான் வீட்டு மொழி, தாளோ நேபாளியில். மொழிபெயர்க்க வேறு வார்டுப் பெண் ஒருவரை வைத்துக்கொள். உறுப்பினரின் கணவர் ‘நான் சொல்கிறேன்’ என்று முன்வருவார். வேண்டாம்.

நியாயக் குழுவில் எல்லை தெரிந்து நட. வேலித் தகராறு, கூலி பாக்கி, வயதான பெற்றோரைப் பராமரிக்காதது போன்றவை அங்கே வரலாம். பாலியல் வன்கொடுமை, குழந்தைத் திருமணம் வந்தால் சமரசத்துக்கு இடமே இல்லை. காவல் நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ‘குடும்ப மானம்’ என்று பேசி முடிக்கச் சொல்லி ஊரே உபமேயர் மேல் விழும். அவர் சாய்ந்துகொள்ள, சட்டப்பிரிவை நேபாளியில் அச்சிட்டு அவர் மேசையிலேயே வை. விசாரணை நடக்கும்போது நீ அறையில் இருக்காதே.

இப்போதைய பதவிக்காலம் 2027-ல் முடிகிறது. யாருக்கு வேட்பாளர் சீட்டு என்ற பேச்சு வந்தால் டீக்கடையானாலும் எழுந்து வந்துவிடு; வெளிநாட்டுக்காரி ஒரு பெயர் சொன்னாள் என்றாலே அந்தப் பெண்ணுக்குக் கெடுதல்.

உன்னை அனுப்பும் நிறுவனத்துக்கு அங்குள்ள சமூக நலக் கவுன்சிலோடு (தொண்டு நிறுவனங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள். இந்தியருக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும்; ஆதார் செல்லாது.

அன்புடன்,
அக்கா