வழிய அடைச்சது உனக்கு இல்ல சாமி

தம்பி,

கொரோனாவுக்கு பயந்து நம்ம ஊர் வாசல்ல முள்ளும் கம்பும் போட்டு மறிச்சிருக்கற வீடியோவ உனக்கு யாரோ வாட்ஸப்ல அனுப்பிட்டாங்கன்னு பாப்பா சொன்னா. அதப் பாத்துட்டு "என் ஊர்லயே எனக்கு எடமில்ல போல"ன்னு அவகிட்ட சொன்னியாம். அத கேட்டதுலருந்து எனக்கு சோறு எறங்கல. மறிச்சது நெசம் தான், ஒளிக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்ன பின்ன என்ன நடந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னெல்லாம் அந்த வீடியோவுல வராதுல்ல. போன் போட்டா ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா கட்டாகுது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், முழுசா படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணு.

இந்த 2020 மார்ச் 22 ஞாயித்துக்கெழம ஊரடங்குன்னாங்க, ஒரு நாள் தானன்னு இருந்தோம். 24ஆம் தேதி ராத்திரி பிரதமர் டிவில வந்து 21 நாள்னு சொன்னதும் தான் பயம் புடிச்சுது. மறுநாளே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில ஒருத்தர் எறந்துட்டாருன்னு நியூஸ், தமிழ்நாட்டுலயே மொத சாவு. நம்ம பக்கம் பெரிய வைத்தியம்னா அங்க தான போவோம், அதக் கேட்டு ஊரே ஆடிப்போச்சு. இங்க மேல யாருக்காச்சும் மூச்சுத் திணறல் வந்துச்சுன்னா கொடைக்கானல் போறதுக்கே எம்புட்டு வளைவு, அங்கருந்து கீழ எறங்கி தேனிக்கோ மதுரைக்கோ போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஆளு தாங்கணுமே. ஊர்ல பாதி வயசானதுக, எளவட்டமெல்லாம் உன்னைய மாதிரி திருப்பூர், கோயமுத்தூர், சென்னைன்னு போயிருச்சுக. சீசன் நேரம் வேற, லாட்ஜ மூடிட்டாலும் தெரிஞ்சவங்க எஸ்டேட்ல தங்கிக்கலாம்னு கார் எடுத்துட்டு மலையேறி வந்தவங்க உண்டு. அவங்கள நிறுத்துனது சரின்னு தான் இன்னைக்கும் சொல்வேன்.

ஆனா அதே முள்ள நம்ம புள்ளைக முன்னாடியும் போட்டாங்க பாரு, அது தான் எனக்கு ஆறல. மேலத்தெரு பையன், பேரு வேணாம், உனக்கே தெரியும், சென்னையில ஓட்டல்ல வேல பாத்தான்ல. ஓட்டல மூடுனதும் காலி லாரி, பால் வண்டின்னு மாறி மாறி ஏறி பழனி வந்து, அங்கருந்து மலை ரோட்ல நடந்தே வந்திருக்கான், காட்டுமாடு நிக்கிற ரோடு, கையில ஒரு தண்ணி பாட்டில் தான். பொழுது சாயுற நேரத்துக்கு ஊர் வாசலுக்கு வந்தவன பசங்க உள்ள விடல. அவங்கம்மா அங்கிட்டு நின்னு அழுகுறா, இவன் இங்கிட்டு நின்னு அழுகுறான். அந்த குளிர்ல பஸ் ஸ்டாப் திண்ணையில தான் ராத்திரி படுத்தான். உங்கப்பா போர்வையும் சுடுதண்ணியும் கொண்டு போயி தள்ளி வச்சுட்டு வந்தாரு, வந்து ஒரு வார்த்த பேசல, சாப்புடவும் இல்ல. எனக்கு உன் மொகம் தான் வந்துச்சு.

விடிஞ்சதும் கோயில் மைதானத்துல கூடுனாங்க, ஆளாளுக்கு தள்ளித்தள்ளி நின்னுக்கிட்டு. உங்க அப்பத்தா தான் மொதல்ல வாயத் தொறந்துச்சு. பெரியம்மை வந்த காலத்துல வாசல்ல வேப்பிலைய சொருகி, ஆள தனியா படுக்க வச்சு, கூழும் கஞ்சியும் குடுத்து பாத்தோம், வெளியாளு உள்ள வரல, உள்ளாளு வெளிய போகல, ஆனா பெத்த புள்ளைய ரோட்ல யாரு போட்டாங்க சொல்லுங்கடான்னு கேட்டுச்சு. ஒருத்தரும் பேசல. அப்புறம் நான் பேசுனேன் தம்பி. இதுவரைக்கும் ஊர்க்கூட்டத்துல வாய் தொறக்காதவ, அன்னைக்கு தொண்ட நடுங்க நடுங்க பேசுனேன். கார்ல வந்தவன திருப்பி அனுப்புனா அவனுக்கு போறதுக்கு வீடு இருக்கு, இவன எங்க அனுப்புவீங்க, நாளைக்கு உங்க வீட்டு புள்ள வந்து நின்னா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். மறிச்ச பசங்க அம்மாவுகளும் அங்க தான் நின்னாங்க, அவங்களுக்கும் கண்ணு கலங்கிருச்சு.

நர்சம்மா வந்து வெளக்கமா சொன்ன பொறவு தான் எல்லாரும் தணிஞ்சாங்க. கிருமி ஒடம்புல ஏறுன பெறகு காய்ச்சல் இருமல் வெளிய தெரியவே 14 நாள் வரைக்கும் ஆகலாமாம், சிலருக்கு ஒண்ணுமே தெரியாம இருந்துக்கிட்டே அடுத்தவங்களுக்கு ஒட்டுமாம், அதுக்குத்தான் அந்த 14 நாள் கணக்கு. நல்லா இருக்கற புள்ளையையும் தனியா வைக்கணும்னா அவன் மேல சந்தேகம்னு இல்ல, யாருக்குன்னு பாத்து தெரியாததால தான். கிருமி மேல கொழுப்பு மாதிரி ஒரு உறை இருக்காம், சோப்பு போட்டு தேச்சா அது கரைஞ்சு கிருமி செத்துருமாம், அதான் வெறுந்தண்ணி பத்தாதுங்குறாங்க. கபசுரக் குடிநீரும் குடுத்தாங்க, குடிச்சோம், ஆனா எனக்கு நம்பிக்க சோப்பு மேல தான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. பள்ளிக்கூடம் மூடித்தான கெடக்கு, வர்ற புள்ளைக அங்க இல்லன்னா அவங்கவங்க தோட்டத்து குடிசையில 14 நாள் இருக்கணும், சாப்பாடு வீட்ல இருந்து போகும், மதில் மேல வச்சுட்டு தள்ளி நிக்கணும், நர்சம்மா தெனம் வந்து பாக்கும். மேலத்தெரு பையன் தான் மொத ஆளு. ஒண்ணுமில்லன்னு சொன்ன பொறவு வீட்டுக்கு போயிட்டான், இப்ப அந்த முள்ளுக்கிட்ட காவலுக்கு நிக்கிறவங்கள்ல அவனும் ஒருத்தன். நீ பாத்த வீடியோ அதுக்கு முன்னாடி எடுத்தது சாமி.

மேட்டுத்தோட்டத்து குடிசைய உங்கப்பா உனக்காக தயார் பண்ணிட்டாரு, நான் சொல்லக்கூட இல்ல. ஒழுகுன எடத்துல தகரம் மாத்தி, கட்டில் போட்டு, வெறகு அடுக்கி, கக்கூஸுக்கு மறைப்பு கட்டி, பக்கெட்டு சோப்பு எல்லாம் வாங்கி வச்சிருக்காரு. கரண்டு இல்ல, சோலார் லைட்டு இருக்கு. டவர் அங்க வீட்ட விட நல்லாவே கெடைக்கும்.

வீட்டு நெலம கேட்டா பாப்பா உன்கிட்ட நல்லாருக்கோம்னு தான் சொல்லுவா, நான் உள்ளத சொல்றேன். கேரட்டு வெட்டல. விவசாய வண்டிக்கு தடையில்லன்னு டிவில சொல்றாங்க, ஆனா லாரிக்கு டிரைவர் வரமாட்டேங்குறான், ஓட்டலும் இல்ல கல்யாணமும் இல்ல, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு கொண்டு போனாலும் யாரு வாங்குவா. மண்ணுக்குள்ளயே கெடந்து வெடிக்க ஆரம்பிச்சிருச்சு, உங்கப்பா வரப்புல நின்னு பாத்துட்டு பாத்துட்டு வர்றாரு. பூண்டு தான் கை குடுக்குது. இந்த போகத்து பூண்ட வடுகபட்டி பூண்டு சந்தைக்கு அனுப்ப முடியல, ஆனா தாளோட கட்டு கட்டா கட்டி அடுப்புக்கு மேல பரண்ல தொங்க விட்டாச்சு, பொகை ஏற ஏற கெடாது, மாசக்கணக்குல நிக்கும், வழி தொறந்ததும் வித்துக்கலாம். போன வருஷம் தான் நம்ம மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு, அதான் இது இந்த மண்ணோட பொருள்ங்கற முத்திரை, கெடைச்சுது, வெல ஏறும்னு உங்கப்பா எம்புட்டு ஆசையா இருந்தாரு. ரேஷன்ல 1000 ரூபாயும் அரிசி பருப்பு சீனி எண்ணெயும் குடுத்தாங்க, டோக்கன் போட்டு வரிசையா விட்டாங்க, வாங்கிட்டேன். உங்க மாமா பாடு தான் கஷ்டம், சீசன் ஓட்டத்த நம்பி டியூ போட்டு வேன் எடுத்தவரு, வண்டி வாசல்லயே நிக்குது. எங்களுக்கு கஞ்சிக்கு பஞ்சமில்ல, அதனால இந்த மாசம் காசு அனுப்பலையேன்னு நீ ஒரு நிமிஷம் கூட நெனைக்கக் கூடாது.

இப்ப ஏப்ரல் 14ஆம் தேதியோட முடியும்னு இருந்த ஊரடங்க மே 3 வரைக்கும் நீட்டிட்டாங்க. நீ வர்றதா இருந்தா வா. ஆனா தாராபுரம் வழியா நடந்து வந்துர்றோம்னு உன் ரூம் பசங்க பேசிக்கிறாங்கன்னு பாப்பா சொன்னா, அது மட்டும் வேணாம் ராசா. வெயிலு என்ன வெயிலு அங்க, நடுவுல ஒருத்தன் மயங்கி விழுந்தா யாரும் கிட்ட வந்து தூக்கக்கூட பயப்படுற நேரம் இது. வைத்தியம், சாவு, கல்யாணம் இதுக்குத்தான் ஊரு விட்டு ஊரு போக பாஸ் தர்றாங்களாம், பொய் சொல்லி வாங்காத, லாரிக்குள்ள ஒளிஞ்சும் வராத. பஸ் விட்டதும் மொத பஸ்ஸுல வா. வர்ற வழியில காய்ச்சல் பாத்தா உள்ளத சொல்லு, மாத்திரய போட்டு சூட்ட மறைச்சுக்கிட்டு வந்தா கடைசில அப்பத்தா தலையில தான் வந்து விடியும்.

அதுவரைக்கும் அங்க இருக்கறதா இருந்தா ரூம் வாடகைக்கு பயந்துக்கிட்டு பட்டினி கெடக்காத. வெளியூர் தொழிலாளிககிட்ட ஒரு மாச வாடகை கேக்கக் கூடாதுன்னு மத்திய அரசாங்கமே உத்தரவு போட்டுருக்கு, கம்பெனி மூடியிருந்தாலும் சம்பளம் குடுக்கணும்னும் அதுலயே இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட மரியாதையா எடுத்து சொல்லு. அம்மா உணவகம் தொறந்து தான் இருக்கு, போயி சாப்புடு, அதுல கௌரவம் பாக்காத. பக்கத்து ரூம்ல ஒடிசா பசங்க இருக்காங்கன்னு சொன்னேல்ல, அவங்களுக்கு ரேஷன் கார்டு கூட இருக்காது, பாஷையும் தெரியாது, சோறு வடிச்சா அவங்களையும் ஒரு வார்த்த கேளு. அவங்க அம்மாவுக எம்புட்டு தூரத்துல உக்காந்து தவிக்கிறாங்களோ.

உன் கூட இருக்கற பக்கத்து ஊர் பையன் நெலம என்ன? அவங்க ஊர்லயும் வழிய மறிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அங்க அவனுக்கு எடம் குடுக்கலன்னா உன் கூடவே கூட்டிட்டு வா, மேட்டுத்தோட்டத்துல பூண்டு போடுற கொட்டகை காலியா இருக்கு, அதுல அவனுக்கு தனியா கட்டில் போட்டுர்றோம், ஊர்ல நான் சொல்லிக்கிறேன். அவங்கம்மா நம்பர மட்டும் அனுப்பு, நான் பேசுறேன்.

அம்மா